நாற்பதைத் தாண்டிக் கணினிக்கு வந்தவர்கள்

"தகவல் தொழில்நுட்பம் இளையர்களுக்கு உரிய துறை. நடுத்தர வயதுக்காரர்கள் அதில் திணறுகிறார்கள்." வாழ்நாள் கற்றல், மூப்படையும் சமுதாயம், வேலையின் எதிர்காலம் என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நம் மாணவர்களின் கட்டுரையில் இந்தக் கருத்து எப்படியாவது நுழைந்துவிடுகிறது. திருத்துகிற நாமும் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். உள்ளுக்குள் நமக்கும் அப்படித்தானே தோன்றுகிறது? "இந்த வயசுல எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்ற குரல் கேட்காத ஆசிரியர் அறை உண்டா?

இன்று கைப்பேசியில் தமிழில் தட்டி அனுப்புகிறோம். தேர்வுத்தாள் தயாரிக்கிறோம். மாணவர்கள் இணையத்தில் தமிழில் தேடிப் படிக்கிறார்கள். இந்த வசதி எப்படி வந்தது என்று விசாரித்தால், அதில் முக்கியமான பங்கு ஆற்றிய சிலர் கணினி படித்தவர்களே அல்லர் என்பது தெரியவரும். வேறு துறையில் இருபது, இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு, நாற்பது வயதுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ இந்தப் பக்கம் திரும்பியவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் நம்மைப் போன்ற தமிழாசிரியர். அந்த வரலாற்றை மேல்நிலை மாணவர்களும் படிக்கும் வகையில் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

சிங்கப்பூர் கணினிமயமான காலம்

முதலில் பின்னணி. 1980இல் சிங்கப்பூர் அரசாங்கம் தேசியக் கணினிமயமாக்கல் குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டு, 1981இல், தேசியக் கணினி வாரியம் உருவானது. அரசாங்க அலுவலகங்களைக் கணினிமயமாக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. திட்டம் போட்டாயிற்று, ஆள் எங்கே? கணினியியலில் பட்டம் பெற்று வெளிவரும் இளையர்களை மட்டும் நம்பினால் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே வேறு துறையில் இருப்பவர்களை மாற்றியெடுக்க வேண்டியிருந்தது.

அதற்காகவே 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் பங்களிப்போடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஐஎஸ்எஸ் என்ற பயிற்சிக் கழகம் அமைந்தது. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களைக் கணினித் துறைக்கு மாற்றும் பட்டயப் படிப்பு அதன் முக்கியப் படிப்புகளில் ஒன்று. இயற்பியல் படித்தவர், பொருளியல் படித்தவர் யாராக இருந்தாலும் வந்து சேரலாம். 1982இல் ஜப்பானிய உதவியோடு மென்பொருள் பயிற்சிக்கென இன்னொரு கழகமும் வந்தது. துறைமாற்றம் என்பது கடந்த பத்தாண்டில் பிறந்த புதுச் சரக்கு என்று நினைக்கும் மாணவர்கள் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளலாம்.

அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதற்கு டிரேட்நெட் நல்ல எடுத்துக்காட்டு. 1989 தொடக்கத்தில் வந்த மின்னியல் வணிக அனுமதி முறை இது. அதற்கு முன் ஒரு சரக்கை ஏற்றவோ இறக்கவோ அனுமதி வாங்க வேண்டுமானால் படிவங்களைத் தட்டச்சு செய்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி முத்திரை வாங்க வேண்டும். இரண்டு நாள் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். டிரேட்நெட் வந்தபிறகு சுமார் 15 நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை போய்விட்டது. ஆனால் எந்தச் சரக்குக்கு எந்தக் குறியீடு, எந்தக் கட்டத்தில் எதை நிரப்பினால் சுங்கத் துறை திருப்பி அனுப்பும் என்ற அறிவு போகவில்லை. அதைக் கணினிக்கு முன் உட்கார்ந்து பயன்படுத்தத் தெரிந்த ஆளைத்தான் கம்பெனிகள் தேடின. பழைய வேலையின் எந்தப் பகுதியைக் கணினி விழுங்கியது, எந்தப் பகுதியை விட்டுவைத்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், துறைமாற்றம் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எல்லாருக்கும் அப்படி அமைந்துவிடவில்லை. தமிழ் அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர்களை நினைத்துப் பாருங்கள். எந்த அறையில் ணகரம், எந்த அறையில் ளகரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் கைகள் அவை. மேசைக் கணினியில் பக்கம் வடிவமைக்கும் முறை வந்தபோது அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் கண் மட்டும் மிஞ்சியது. அதற்கு மதிப்புக் கொடுத்த இடங்களில் அவர்கள் மெய்ப்புத் திருத்துபவராகவோ கணினித் தட்டச்சராகவோ தொடர முடிந்தது. மற்ற இடங்களில் முடியவில்லை.

247 எழுத்தும் 128 அறையும்

இனி நம் துறைக்கு வருவோம். தமிழைக் கணினியில் ஏற்றுவது ஏன் பொறியாளர்களால் மட்டும் ஆகிற காரியமாக இல்லை?

அந்தக் காலக் கணினிகள் ஓர் எழுத்துக்கு எட்டு பிட் ஒதுக்கின. எட்டு பிட்டில் 256 அறைகள் கிடைக்கும். முதல் 128 அறைகளில் ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள் எல்லாம் ஏற்கெனவே குடியேறிவிட்டன. மிச்சம் 128. நம்மிடமோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் வேறு. எப்படி அடைப்பது?

எழுத்துகளை உடைத்தால்தான் முடியும். கா என்பதைக் ககரமாகவும் துணைக்காலாகவும் பிரிக்கலாம். ஒரே துணைக்கால் எல்லா மெய்க்கும் உதவும். கெ, கே, கை ஆகியவற்றின் கொம்புகளையும் அப்படியே தனித்து வைக்கலாம். ஆனால் கு, கூ, மு, மூ, று, றூ? உகர ஊகாரக் குறிகள் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டுகின்றன, பிரிக்க வராது. அவற்றுக்குத் தனி அறை வேண்டும். தமிழ்நாடு அரசு 1978இல் கொண்டுவந்து, பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் இந்த இடத்தில் கைகொடுத்தது. பழைய வடிவ ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை விதிவிலக்காக நின்றிருந்தால் இன்னும் பல அறைகள் போயிருக்கும். பெரியார் முன்பே வலியுறுத்திய மாற்றம் அது. எந்த எழுத்தை உடைக்கலாம், எதை உடைத்தால் மொழி சிதையும் என்று முடிவெடுக்க எழுத்திலக்கணம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

விசைப்பலகை இன்னொரு சிக்கல். பழைய தட்டச்சுப் பொறியில் 'கொ' அடிக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. வாயில் பிறக்கும் வரிசையோ வேறு: முதலில் க், பிறகு ஒ. தொடக்கநிலை ஒன்றில் பிள்ளைகளுக்கு நாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்? "க் கூட ஒ சேர்ந்தா கொ." கணினியும் அப்படியே கற்றுக்கொண்டால் என்ன? ஒலி அடிப்படையில் அமைந்த விசைப்பலகைகள் அந்த வழியில்தான் வந்தன. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். க அடித்து ஒ அடித்தால் கொ. அதோடு இன்னொரு நுட்பம்: ங அடித்துக் க அடித்தால், முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்து 'ங்க' ஆகிவிடும். ஏனென்றால் வேற்றுநிலை மெய்ம்மயக்கத்தில் ஙகர மெய்க்குப் பின் ககரம் மட்டுமே வரும். நன்னூலில் அந்த விதியைப் படித்துவிட்டு "இது எதுக்குப் பயன்படப் போகுது?" என்று கேட்கும் மாணவனுக்கு, அவன் கைப்பேசியிலேயே தமிழ்99 பலகையைத் திறந்து காட்டிவிடலாம்.

ஓர் ஆசிரியர்

நா. கோவிந்தசாமி 1946இல் சிங்கப்பூரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகத் தொடங்கிப் பின்னர் ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளராக உயர்ந்தார். அவர் பணியாற்றிய கல்விக் கழகம் 1991இல் தேசியக் கல்விக் கழகமாக மாறி நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வாசகர்கள் அவரைச் சிறுகதை ஆசிரியராக அறிந்திருந்தார்கள். 'வேள்வி' அவருடைய சிறுகதைத் தொகுப்பு. 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும் பெற்றார். அந்த அளவில் நின்றிருந்தாலே சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

நாற்பதுகளில் அவர் கணினிக்குத் திரும்பினார். கணினித் துறையில் படித்து வந்தவர் அல்லர். தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துக் குறியீடு என்று ஒவ்வொன்றாக இறங்கி, 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரை நினைவூட்டும் பெயர் அது. கணி என்ற சொல் கணக்கிடுதலோடு தொடர்புடையது. கணினி என்ற சொல்லுக்கும் அதுவே வேர். ஒரு மென்பொருளுக்கு இப்படி ஒரு பெயர் வைக்கத் தமிழாசிரியருக்குத்தான் தோன்றும்.

அதே காலத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்னொருவர் துறை தாண்டிக்கொண்டிருந்தார். டான் டின் வீ உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்தவர். புரதங்களையும் மரபணுக்களையும் ஆராய்ந்தவர், சிங்கப்பூரின் முதல் இணைய இணைப்பான டெக்நெட்டுக்குப் பொறுப்பேற்று, பிறகு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவை வழிநடத்தினார். சீனமும் தமிழும் இணையத்தில் வரவேண்டும் என்பது அவருடைய குழுவின் அக்கறை. அவர் அப்போது நடுத்தர வயதை எட்டாதவர்தான். ஆனாலும் துறை மாறியவர்.

அந்தப் பிரிவும் நா. கோவிந்தசாமியும் சேர்ந்தபோது நடந்ததுதான் 1995 அக்டோபர் நிகழ்ச்சி. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளத்தை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் திரையில் வந்தது. உலகில் தமிழ் எழுத்தில் வந்த இணையப் பக்கங்களில் மிக முந்தியவற்றுள் ஒன்று அது. நா. கோவிந்தசாமிக்கு அப்போது வயது 49.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அவரிடம் எது இருந்ததால் இது முடிந்தது? ஆசிரியராக இருந்ததால் பிள்ளைகள் எழுத்தை எந்த வரிசையில் கற்கிறார்கள் என்று தெரியும். எழுத்தாளராக இருந்ததால் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்பவனின் எரிச்சல் தெரியும். ஆசிரியர் பயிற்சியில் இருந்ததால், ஒரு புதுக் கருவியைக் கண்டாலே மிரளும் ஆசிரியர்களுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்றும் தெரியும். இருபத்தைந்து ஆண்டுச் சரக்கு அது. இருபத்து மூன்று வயதுப் பட்டதாரியிடம் அது இருக்க வழியில்லை. நிரல் எழுதுவதை அந்த இளையர் நன்றாகவே எழுதியிருப்பார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கொம்பை எங்கே வைப்பது என்று அவர் யாரிடமாவது வந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நா. கோவிந்தசாமி வேலையை விட்டுவிட்டுத் துறை மாறவில்லை. விரிவுரையாளராக இருந்துகொண்டே, அந்தக் கழகத்தின் ஆதரவில், தம் துறையைக் கணினிக்குள் நீட்டினார். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதில் ஆட்குறைப்பில் வேலை இழந்து, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்க, வீட்டுக் கடனும் இருக்க, புதிதாகக் கற்க உட்காருபவரின் நிலைமை அதுவல்ல. மாணவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு "அவர் செய்தார், நீங்களும் செய்யலாம்" என்று எழுதக் கூடாது. எழுதினால் மதிப்பெண் குறையாமல் போகலாம். ஆனால் அது நியாயமான வாதம் அல்ல.

எதிர்த் திசையில் வந்தவர்கள்

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் கதை திசை மாறுகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் பொறியாளர். 1985இலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கியவர். கணினியிலிருந்து தமிழுக்கு வந்தவர் அவர். ஆனால் வீட்டைப் பாருங்கள்: தந்தை முரசு நெடுமாறன் தமிழாசிரியர், கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைப் பெருந்தொகுப்பாகத் தொகுத்தவர். பொறியாளருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய தமிழாசிரியர் அந்த வீட்டிலேயே இருந்தார்! கைப்பேசியில் தமிழுக்கு வழி செய்த 'செல்லினம்' பிற்பாடு அவரிடமிருந்து வந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கு. கல்யாணசுந்தரம் வேதியியல் ஆய்வாளர். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வில் ஈடுபட்டவர். 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்ப, அவை மின்னூல்களாக இலவசமாக வெளிவந்தன. இன்று நீங்கள் வகுப்புக்காகச் சங்கப் பாடலை ஒரு சொடுக்கில் எடுக்கிறீர்கள் என்றால், அதில் ஒரு வேதியியலாளரின் மாலை நேரங்கள் இருக்கின்றன.

இத்தனை பேர் தனித்தனியாக வேலை செய்ததால் ஒரு தலைவலியும் வந்தது. மிச்சமிருந்த 128 அறைகளில் ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தம் விருப்பப்படி வைத்தார்கள். ஒருவர் எழுத்துருவில் அடித்த கடிதத்தை இன்னொருவர் திறந்தால் கொச்சகொச்சவென்று ஏதோ தெரியும். அந்தக் காலத்தில் தேர்வுத்தாளைக் கோப்பாக அனுப்பிவிட்டு, எழுத்துருவையும் வட்டில் போட்டுக் கையோடு கொடுத்தனுப்பிய ஆசிரியர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

இதைப் பேசித் தீர்க்க எல்லாரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று முதலில் முயன்றவர்களில் நா. கோவிந்தசாமி முக்கியமானவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் அவர் முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடு அதற்குத்தான். அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். ஐம்பத்து மூன்று வயது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் மாநாடு மறுபடி சிங்கப்பூருக்கு வந்தபோது, உத்தமம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

குறியீட்டுக் குழப்பத்தை ஒருவழியாகத் தீர்த்தது யூனிகோட். 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் சாதாரணக் கணினிகள் அதை ஆதரிக்கப் பத்தாண்டு பிடித்தது. யூனிகோட் 'கொ'வைச் சேமிக்கும்போது க முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் உள்ளே ஒலி வரிசைதான்.

நம்ம கதை

1997 ஏப்ரலில் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தை அறிவித்தது. இரண்டு பில்லியன் வெள்ளி. 2002க்குள் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு தகவல் தொழில்நுட்பத்தோடு. மலேசியாவில் பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஓர் அங்கமாக பெஸ்தாரி பள்ளித் திட்டம் 1999இல் முன்னோடிப் பள்ளிகளில் தொடங்கியது. ஒரே வீச்சில் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் கணினிக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். பலருக்கு நாற்பது வயதுக்கு மேல். சிலர் ஓய்வு பெற நாலைந்து ஆண்டே இருந்தவர்கள்.

அந்தப் பயிற்சிகளுக்குப் போனவர்கள் சொல்லும் கதைகள் ஏராளம். சுட்டியைத் திரையிலேயே வைத்துத் தேய்த்தவர் உண்டு என்பார்கள். அது எல்லா நாட்டிலும் சொல்லும் கதைதான், விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு. பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. எடுத்துக்காட்டுகளும் ஆங்கில, கணிதப் பாடங்களிலிருந்தே அதிகம் வந்தன. தமிழாசிரியர் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, எழுத்துருவை நிறுவி, விசைப்பலகையைப் பழகி, பாடத்தையும் தாமே தயாரிக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு படி ஏறினால் போதும், இவர்களுக்கு மூன்று படி. அப்படி ஏறியவர்களில் சிலர் பள்ளியின் கணினி ஒருங்கிணைப்பாளராகவும், பாடத்திட்டப் பிரிவில் மின்வளங்கள் தயாரிப்பவராகவும் ஆனார்கள். "தமிழ் வாத்தியாரு கம்ப்யூட்டர் ரூம்ல என்ன பண்றாரு?" என்று வியந்த காலம் ஒன்று இருந்தது.

இன்றைய திட்டங்கள்

2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தொடங்கியது. 2016 முதல் 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளி பயிற்சித் தொகை. 2024 மே மாதம் முதல் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி. முழுநேரமாகப் படிக்கப் போனால் மாதம் 3,000 வெள்ளிவரை படித்தொகை 2025 முதல் கிடைக்கிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கு மாறுபவர்களுக்கெனத் தனித் திட்டம் 2016இலிருந்தே இருக்கிறது. புதுத் துறையில் ஆளை எடுத்துப் பழக்கும் நிறுவனத்துக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு தரும் திட்டங்களும் உண்டு. மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், எழுதட்டும்.

என் பார்வையில் இவற்றில் மிக முக்கியமானது 4,000 வெள்ளி அல்ல, மாதப் படித்தொகை. பயிற்சிக் கட்டணம் ஒரு தடை என்பது உண்மை. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அதைவிடப் பெரிய தடை, படிக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்பது. நா. கோவிந்தசாமிக்குக் கல்விக் கழகம் கொடுத்த நிழலை, ஓரளவுக்காவது, இந்தத் தொகைதான் வேலை இழந்தவருக்குக் கொடுக்கிறது.

ஒரு குறையும் தெரிகிறது. ஆறு மாதப் பயிற்சியில் சேரும் ஐம்பது வயதுத் தாதியும், கணக்காளரும், கிடங்கு மேற்பார்வையாளரும் ஒரே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். முடிந்ததும் இருபத்து மூன்று வயதுப் பட்டதாரியோடு அதே தொடக்கநிலை வேலைக்குப் போட்டியிடுகிறார்கள். அங்கே அவர்கள் தோற்பது இயல்பு. மருத்துவமனைப் பதிவேடு எப்படி இயங்குகிறது என்று அறிந்த தாதி, மருத்துவமனை மென்பொருளைச் சோதிக்கும் இடத்துக்குப் போனால் கதை வேறு. அந்தப் பட்டதாரி அவரிடம் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருக்கும். டிரேட்நெட் காலத்துச் சுங்கக் குமாஸ்தாவுக்கும், கொம்பை எங்கே வைப்பது என்று தெரிந்த தமிழாசிரியருக்கும் வாய்த்தது அந்த இடம். பழைய துறைக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள இடம். பயிற்சித் திட்டங்கள் அந்த இடத்தைத் தேடிக் கொடுத்தால்தான் செலவழித்த பணத்துக்குப் பலன்.

வகுப்பில் பயன்படுத்த ஒரு யோசனை. வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்காக, மாணவர்கள் தங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நடுவயதில் வேலை மாறிய ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரட்டும். பழைய வேலையில் எதைச் செய்யத் தெரிந்திருந்தது? புதிய வேலையில் அதில் எது உதவியது? எது உதவவே இல்லை? மாமா, அத்தை, பக்கத்து வீட்டு அங்கிள் யாராக இருந்தாலும் சரி, பெயர் வேண்டாம். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் நீண்ட பதில் வரும், அதனால் இரண்டாவதை விடாமல் துருவிக் கேட்கச் சொல்லுங்கள்.